யாரைக் கூட்டிட்டு வரலாம்? பாராமகாலில் சில ஸ்காட்லாந்துக்காரர்கள்

கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன் என்ற ஊர்ப்பெயர்கள் இப்போது ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. படிக்கவோ வேலைக்கோ போன பிள்ளை ஆறு மாதம் அங்கே தாக்குப்பிடித்துவிட்டால் ரெண்டு பேச்சு ஆரம்பிக்கும். ஒன்று, கூடப் படித்தவன் கேட்பது: "மச்சான், லீவுக்கு வரலாம்னு இருக்கேன், ரூம்ல இடம் இருக்கா?" இன்னொன்று, கல்யாணம் ஆனவராக இருந்தால், வீட்டுக்காரம்மாவோ வீட்டுக்காரரோ எப்போது போய்ச் சேர்வது என்பது. நண்பன் வருவதற்கு அழைப்புக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், திரும்பி வந்துவிடுவேன் என்பதற்கு ஆதாரம் எல்லாம் வேணும். துணையை அழைப்பதற்கு அதைவிடப் பெரிய கணக்கு இருக்கு.

இதே கணக்கை இருநூத்தி முப்பது வருஷத்துக்கு முன்னால் எதிர்த்திசையில் போட்டவர்கள் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பி, நம்ம பாராமகாலில் வேலை பார்த்தவர்கள். வெளிநாட்டில் வேலை செய்பவன் தன் வீட்டில் யாரை வரவேற்கலாம், யாரோடு குடும்பம் நடத்தலாம் என்பதை அவன் மனசு மட்டும் தீர்மானித்ததே இல்லை. கப்பல் எடுக்கும் நாட்கள், சம்பளம், லண்டனில் யாரோ போடுகிற கையெழுத்து, அந்த வீட்டில் சமைத்துப் போடுகிற உள்ளூர்க்காரர்கள், இத்தனையும் சேர்ந்துதான் தீர்மானித்தன. அதைப் பார்க்க ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நாலு அதிகாரிகள், நாலு ஊர்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. திப்பு சுல்தான் தன் ராஜ்ஜியத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அதில் பாராமகாலும் சேலமும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. ஓசூர் அப்போது வரவில்லை. மலைக்கு மேலே இருக்கும் பாலகாட்டுப் பகுதி, 1799 மே 4-ல் திப்பு இறந்த பிறகுதான் கம்பெனிக்குக் கிடைத்தது. அந்த ஏழு வருஷம் எல்லைக்கோடு இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு உள்ளேயே ஓடியது.

புதுசாகக் கிடைத்த நாட்டை நிர்வகிக்க கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சென்னையின் சிவில் அதிகாரிகளை நம்பவில்லை. உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் அவர்களில் குறைவு. அதனால் ராணுவத்திலிருந்து ஆட்களை எடுத்தார். கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் தலைவர். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: கிரஹாம், மன்றோ, மெக்லியாட். ரீட் திருப்பத்தூரில் உட்கார்ந்தார். வடக்குப் பகுதி, அதாவது கிருஷ்ணகிரிப் பக்கம், கிரஹாமுக்கு. நடுப்பகுதி தர்மபுரி, மன்றோவுக்கு. தெற்கே சேலம் பக்கம் மெக்லியாடுக்கு.

தூரத்தைப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி இன்றைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். அன்றைக்குக் குதிரையில் ஒரு நாள் பொழுது. ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போனால் அன்று ராத்திரி அங்கேதான் தங்க வேண்டும். ரயத்துவாரி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நில வரி முறை இந்த நாலு பேரின் அளவைகளிலிருந்தும், கடிதங்களிலிருந்தும், வாக்குவாதங்களிலிருந்தும்தான் உருவாயிற்று. பிற்காலத்தில் சென்னை அரசு அச்சகம் பாராமகால் ஆவணங்கள் என்று வரிசையாக வெளியிட்ட தொகுதிகளைப் புரட்டினால் விளைபொருள், குடிமக்கள், வரி வகைகள் என்று எல்லாம் தலைப்பு வாரியாக இருக்கும். அதிகாரிகள் யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பது இருக்காது. அதற்குத் தனிக் கடிதங்களிடம்தான் போகவேண்டும். அதிகமாகக் கடிதம் எழுதி வைத்தவர் தாமஸ் மன்றோ.

மன்றோவின் தலையணை

மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. குடும்பத்தில் காசு கரைந்ததும் பையன் கம்பெனிப் படையில் கேடட்டாகக் கப்பலேறினான். 1780 ஜனவரியில் சென்னை வந்து இறங்கியபோது வயசு பதினெட்டு. இதில் நமக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. வீட்டில் கடன், மூத்தவர்கள் தொழில் நொடித்தது, பையன் வெளிநாடு. இன்றைக்கும் பாதி விசா விண்ணப்பத்துக்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கு.

1789-ல் தன் தங்கை எர்ஸ்கினுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று ரொம்பப் பிரபலம். இந்தியாவுக்குப் போனவன் என்றால் நவாப் மாதிரி வாழ்வான் என்று கிளாஸ்கோவில் எல்லோருக்கும் நினைப்பு. அதைக் கேலி செய்துதான் அந்தக் கடிதம். இந்தியா வந்து மூன்று வருஷம் வரைக்கும் தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு புத்தகமோ தோட்டாப் பையோதான் இருந்தது என்கிறார். கட்டில் என்பது குறுக்கே வைத்த நாலு கம்பு மேல் விரித்த கேன்வாஸ் துணி. பசி, தாகம், களைப்பு, வறுமை என்றால் என்னவென்று இந்தியா வந்த பிறகுதான் தெரிந்தது என்ற பொருளில் எழுதுகிறார். நம்ம பிள்ளைகள் அங்கே நாலு பேர் ஒரு ரூமில் படுத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்புகிற போட்டோவில் பனியை மட்டும் காட்டுவார்கள். மன்றோ நேர்மாறு. தரையை அப்படியே காட்டிவிட்டார்.

தர்மபுரிக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. அங்கே ஒரு வீடும் தோட்டமும் போட்டுக்கொண்டார். அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு அளவில்லாத பிரியம். 1799-ல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றலாகிப் போனபோது, பாராமகாலை விட்டதை நினைத்து மறுபடி மறுபடி ஏங்கி எழுதினார். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளி என்று ஒருத்தரும் வரவில்லை. வர முடியாது. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர ஐந்தாறு மாதம். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவர் வீட்டுக்கு வரக்கூடிய நண்பர்கள் என்றால் அக்கம்பக்கத்து முகாம்களில் இருந்த அதே நாலைந்து அதிகாரிகள், போகிற வழியில் தங்கும் பட்டாளத்துக்காரர்கள். வேலை சிநேகமும் வீட்டுச் சிநேகமும் ஒன்றாகிப் போன வாழ்க்கை. 1780-ல் கிளம்பியவர் முதன்முதலாக ஊர் திரும்பியது 1808-ல். இருபத்தெட்டு வருஷம்.

கையெழுத்து லண்டனில்

தூரம் மட்டும் காரணமில்லை. யார் இந்தியாவுக்குக் கப்பலேறலாம் என்பது கம்பெனியின் உரிமை. லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த இயக்குநர்கள் அனுமதி தராமல் ஒரு பிரிட்டிஷ்காரர் சட்டப்படி இங்கே வந்து தங்க முடியாது. பெண்களும் அனுமதி வாங்க வேண்டும். 1813-ன் பட்டயச் சட்டம் பாதிரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது. ஆனால் உரிமச் சீட்டு தேவைப்பட்டது. 1833-ல்தான் அது பெருமளவு தளர்ந்தது. இங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய வந்ததற்கும் ஒரு லண்டன் கைதான் காரணம். கம்பெனியை மேற்பார்வை பார்த்த கட்டுப்பாட்டு வாரியத்தில் செல்வாக்கோடு இருந்த ஹென்றி டண்டாஸ், எடின்பரோக்காரர். தன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்வதில் கைதேர்ந்தவர். வால்டர் ஸ்காட் 1821-ல் ஒரு கடிதத்தில், வசதி குறைந்த ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் கடைசிப் பிள்ளைகளை அனுப்பிவைக்க இந்தியா ஒரு தானியக் குதிர் மாதிரி என்ற பொருளில் எழுதினார். வால்டர் ஸ்காட்டை நினைவில் வச்சுக்கோங்க. ஓசூரில் மறுபடி வருவார்.

குடும்பம் வரமுடியாத இந்தக் காலத்தில் அதிகாரிகள் எல்லோரும் தனியாகவா இருந்தார்கள்? இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனி ஆட்கள் பலர் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். சிலர் உயிலில் அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் சொத்து எழுதி வைத்தார்கள். அந்த உயில்களிலும் பெண்ணின் முழுப்பெயர், ஊர், அப்பா பெயர் கிடைப்பது அபூர்வம். "பீபி" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். 1791-ல் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது: பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கம்பெனியின் உயர் சிவில், ராணுவப் பதவி கிடையாது. பாராமகால் கைமாறுவதற்குச் சுமார் ஒரு வருஷம் முன்னால். யாரோடு குடும்பம் நடத்தலாம் என்று கம்பெனி நேரடியாகத் தடை போடவில்லை. பிள்ளைகளின் வேலையில் கைவைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த ஐம்பது வருஷத்தில் உள்ளூர்த் துணை என்பது மறைத்து வைக்கிற விஷயமாகி, "சீமையிலிருந்து மனைவி" என்பது கௌரவமாகிவிட்டது.

விருந்து என்று பேசும்போது இன்னொரு கூட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. வெள்ளைக்கார அதிகாரி நண்பரை உபசரித்தார் என்று எழுதினால், உண்மையில் உபசரித்தவர்கள் சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், குதிரைக்காரர், புல்லறுக்கிறவர். அதிகாரி முகாமிட்டால் பாலும் கோழியும் விறகும் வைக்கோலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும். அதைத் திரட்டுவது தலையாரியும் வெட்டியானும். காசு கொடுத்தாலும் அது கடைசிக் கை வரைக்கும் வந்து சேர்ந்ததா என்பது வேறு. முகாமில் விருந்தாளி கூடினால் கிராமத்துக்குச் சுமை கூடும். ஸ்காட்லாந்தில் இருக்கிற நம்ம பையன் நண்பன் வந்தால் தானே சமைத்து, தானே பாத்திரம் கழுவி, தரையில் தானே படுத்துக்கொண்டு கட்டிலை விட்டுக்கொடுக்கிறான். அந்த வகையில் மன்றோவைவிட இவன்தான் சரியான விருந்தோம்பி.

ஜேன் வந்தார், ஜேன் போனார்

மன்றோவின் கதையில் மனைவி வருவது ரொம்பத் தாமதம். 1814 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் அயர்ஷைரைச் சேர்ந்த ஜேன் கேம்பலைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு. அதே வருஷம் செப்டம்பரில் இருவரும் சென்னையில் இறங்கினார்கள். பாராமகாலில் தனி ஆளாகக் கழிந்த இளமைக்குப் பிறகு, ஒருவழியாக வீடு என்று ஒன்று. 1820-ல் மன்றோ சென்னை கவர்னர் ஆனார். விருந்து கொடுப்பதே உத்தியோகத்தில் ஒரு பகுதியாகிவிட்ட பதவி. சர் தாமஸ் லாரன்ஸ் வரைந்த ஜேனின் உருவப்படம் பிரபலமானது.

1826-ல் குழந்தையின் உடல்நிலை காரணமாக ஜேன் கப்பலேறி ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. மன்றோவும் பதவியை விட்டுக் கிளம்பத்தான் பார்த்தார். விடுவிக்க ஆள் வருவது தள்ளிப்போனது. அந்த இடைவெளியில், கிண்டியில் இருந்த வீட்டுக்கு (பிற்காலத்தில் ராஜ்பவன் ஆனது) தனியாகப் போய்வந்துவிட்டு மனைவிக்கு எழுதினார். வீடும் தோட்டமும் அப்படியே இருக்க, மனைவியும் குழந்தையும் இல்லாமல் அந்த இடமே வெறிச்சோடிக் கிடப்பதைப் பற்றி. ஒரு மாகாணத்தையே ஆள்கிறவர், ஆயிரம் பேரை விருந்துக்கு அழைக்கக்கூடியவர். அந்தக் கடிதத்தில் அவர் வெறும் வீட்டில் நடந்து திரிகிற ஒரு புருஷன், அவ்வளவுதான்.

1827 ஜூலை 6. விடைபெறுவதற்காகத் தான் பழைய கலெக்டராக இருந்த ஜில்லாக்களைச் சுற்றிவரும்போது, இன்றைய ஆந்திரத்தில் இருக்கும் பத்திகொண்டாவில் காலரா கண்டு மன்றோ இறந்துபோனார். ஜேனைத் திரும்பப் பார்க்கவில்லை. மன்றோவைப் பற்றி நம்மிடம் எத்தனையோ பேச்சு உண்டு. வரி, சிலை, மந்த்ராலயம் கதை. பாராமகால் தோட்டத்திலிருந்து கிண்டித் தோட்டம் வரைக்கும் அவர் வாழ்க்கையில் வீடு யாருக்காக என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஓசூரில் ஒரு கெனில்வொர்த்

இனி ஓசூர். 1850-களுக்கு வருவோம். இதற்குள் பயணம் மாறிப்போச்சு. 1830-ல் பம்பாயிலிருந்து சூயஸுக்கு நீராவிக் கப்பல் போய்க் காட்டியது. 1840-களில் பி அண்ட் ஓ கப்பல்கள் சூயஸிலிருந்து சென்னை வழியாகக் கல்கத்தா வந்தன. 1858-ல் எகிப்தில் அலெக்ஸாண்டிரியாவிலிருந்து சூயஸ் வரைக்கும் ரயிலே வந்துவிட்டது. மன்றோவுக்கு ஐந்தாறு மாதமாக இருந்தது இப்போது ஒன்றரை மாதத்துக்குள். சீமையிலிருந்து ஒரு பெண் இங்கே குடித்தனம் செய்ய வருவது, நடக்காத காரியம் என்பதிலிருந்து, "சம்மதமா இல்லையா" என்று கேட்கக்கூடிய விஷயமாக மாறியது.

சேலம் கலெக்டர் பிரெட் அந்தக் காலத்து ஆள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சேலத்தின் வெயில் கிடையாது. பெங்களூர் கன்டோன்மென்ட் நாற்பது கிலோமீட்டர். பக்கத்து மத்திகிரியில் கம்பெனியின் குதிரை, கால்நடைப் பண்ணை. ஓசூரில் இருந்துகொண்டு வேலை பார்க்க வெள்ளைக்காரக் கலெக்டர்களுக்கு ஆசை இருந்ததில் ஆச்சரியமில்லை. லிட்டில் இங்கிலாந்து என்ற பட்டப்பெயரும் ஓசூருக்கு உண்டு. அங்கே பழைய கோட்டைப் பகுதியில் பிரெட் ஒரு மாளிகை கட்டினார். இங்கிலாந்தின் வாரிக்ஷைரில் உள்ள கெனில்வொர்த் கோட்டையை மாதிரியாக வைத்து, கோபுரமும் கொத்தளமுமாக.

ஏன் அப்படி ஒரு கட்டடம்? ஓசூரில் காலங்காலமாகச் சொல்லப்படுவது இதுதான்: இந்தியாவுக்கு வரமாட்டேன், வந்தால் கெனில்வொர்த் மாதிரி ஒரு கோட்டையில்தான் இருப்பேன் என்று அவர் துணை சொன்னார், அதனால் கட்டினார். சிலர் மனைவி என்பார்கள், சிலர் நிச்சயித்த பெண் என்பார்கள். கதையின் முடிவும் சொல்கிற ஆளுக்கு ஏற்ப மாறும். இது ஊர்க்கதை, பத்திரம் இல்லை. ஆனால் ஊர்க்கதை என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். ஓசூர் மக்கள் ஒரு கலெக்டரின் விசித்திரக் கட்டடத்தைப் பார்த்ததும் அதற்குக் காரணமாக அதிகாரத்தையோ பகட்டையோ சொல்லவில்லை. "பொண்டாட்டி வரணும்னு கட்டினான்" என்றார்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவனின் ஏக்கத்தை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கெனில்வொர்த் என்ற பெயர் எங்கிருந்து வந்து அந்தத் தலைமுறையின் மனசில் உட்கார்ந்தது என்பதும் சுவாரசியம். அசல் கோட்டை 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்குப் பிறகு இடித்து முடமாக்கப்பட்டது. பாழடைந்து கிடந்த அதைப் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தது 1821-ல் வெளிவந்த "கெனில்வொர்த்" நாவல். எழுதியவர் எடின்பரோக்காரர் வால்டர் ஸ்காட். இந்தியாவைக் குதிர் என்று அவர் சொன்ன அதே வருஷம். நாவலின் பின்னணி ஓர் உண்மையான விருந்து: 1575 ஜூலையில் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி, ராணி முதலாம் எலிசபெத்தை அந்தக் கோட்டையில் 19 நாள் வைத்து உபசரித்தார். ராணி தங்குவதற்கென்றே முன்கூட்டிப் புதுக் கட்டடம் எழுப்பியிருந்தார். ராணியைக் கல்யாணம் செய்துகொள்ளும் ஆசை அவருக்கு இருந்தது என்பது வரலாற்றில் எல்லோருக்கும் தெரிந்தது. நாவலில் ஸ்காட் ஒரு மாற்றம் செய்தார். டட்லியின் மனைவி ஏமி ராப்சார்ட் உண்மையில் 1560-லேயே இறந்துவிட்டவர். ஸ்காட் அவரை உயிரோடு வைத்து, ரகசிய மனைவியாக ஒளித்து வைக்கப்பட்டவராக்கி, விருந்து நடக்கும் கோட்டைக்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். பெரிய விருந்தாளிக்காகக் கோட்டை முழுக்க விளக்கு. சொந்த மனைவியை இன்னார் என்று சொல்ல முடியாத வீடு. ஏமியின் முடிவு துயரமானது.

ஆக, ஒரு பெண்ணை வரவழைக்க ஓசூரில் எழும்பியதாகச் சொல்லப்படும் கட்டடத்தின் மூலமும், ஒரு பெண்ணை வரவேற்கக் கட்டடம் எழுப்பிய கதைதான். அதற்குள்ளேயே, பெயர் சொல்ல முடியாமல் மறைக்கப்பட்ட இன்னொரு மனைவியும் இருக்கிறாள். மேலே சொன்ன "பீபி"க்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்டுக்கும் நம்ம பக்கத்துக்கும் தொடர்பு இதோடு முடியவில்லை. 1827-ல் அவர் "சர்ஜன்ஸ் டாட்டர்" என்று ஒரு கதை எழுதினார். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை, இங்கே இருந்த நண்பர்கள் சொன்னதை வைத்து எழுதியது. ஸ்காட்லாந்து கிராமத்து டாக்டரின் மகள் மெனி. அவளைக் காதலித்தவன் கம்பெனி வேலைக்கு இந்தியா வருகிறான். கல்யாணத்துக்கு வா என்று அவளை அழைக்கிறான். அழைப்பு பொய். அவளைத் திப்புவிடம் ஒப்படைக்கத் திட்டம். கதையின் உச்சக்கட்டம் பெங்களூரில். ஹைதர் அலி தலையிட்டு அவளைக் காப்பாற்றி, வஞ்சித்தவனை யானைக் காலில் இடறச் செய்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக் கடிதத்தை நம்பிக் கிளம்பும் பெண் என்ன ஆவாள் என்ற பயம் அன்றைக்கே ஒரு கதைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அந்தப் பயம் இன்னும் செத்துப்போகவில்லை. ஸ்காட்டின் மூத்த மகன், அவரும் வால்டர் ஸ்காட்தான், 15-வது ஹுஸார் குதிரைப்படையோடு பெங்களூரில் இருந்தார். ஊர் திரும்பும் வழியில் 1847-ல் கப்பலிலேயே இறந்தார்.

பிரெட் கோட்டை பெரும்பாலும் இடிந்து போய்விட்டது. பாழடைந்த கோட்டை ஒன்றைப் பார்த்துக் கட்டியது, தானும் பாழடைந்தது.

சிப்காட்டுக்கு வந்த விருந்தாளிகள்

1970-களில் சிப்காட் வந்ததும் ஓசூருக்கு வேலைக்கு வருகிறவர்களின் திசை மாறியது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை. அதே காலத்தில் டிவிஎஸ் மொபட். 1984-ல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் வாட்ச் கம்பெனியைத் தொடங்கின.

டைட்டன் ஆரம்பத்தில் செய்த ஒரு ஏற்பாடு நம்ம விஷயத்துக்கு ரொம்பப் பொருந்தும். பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகளைச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். முதல்முறை வீட்டை விட்டு வரும் பிள்ளைகள். அவர்களுக்கு வெறும் ஹாஸ்டல் போதாது என்று, வாடகை வீடுகளில் தங்கவைத்து, கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் மாதிரி மூத்தவர்களை நியமித்தார்கள். வேலைக்கு ஆள் எடுப்பதோடு, அந்த ஆள் ராத்திரி யாரோடு சாப்பிடுவான் என்பதையும் யோசித்த ஏற்பாடு அது.

இன்றைக்கு ஓசூரைச் சுற்றி ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அஸ்ஸாம் என்று வந்தவர்கள் தங்கும் விடுதிகளும் வரிசை வீடுகளும் நிறைய. எத்தனையோ விடுதிகளில் வெளியாள் உள்ளே வரக்கூடாது. அக்கா தங்கச்சி வந்தாலும் கேட்டில் நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். ஊரிலிருந்து அம்மா வந்தால் எங்கே படுக்க வைப்பது என்ற கேள்விக்கு லாட்ஜ்தான் பதில். ஓசூருக்கு வந்தவர்களை ஓசூர் எப்படி நடத்துகிறது என்று பார்த்துவிட்டுத்தான், ஓசூரிலிருந்து போனவர்களை அடுத்த நாடு எப்படி நடத்துகிறது என்று பேச நமக்கு வாய் வரும்.

மறுபடி லண்டன்

சரி, அந்த அடுத்த நாடு. ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருக்கு, பள்ளி, மருத்துவம் எல்லாம் அவர்கள் கையில். குடிவரவு மட்டும் லண்டன் கையில். ஸ்காட்லாந்து அரசு தங்கள் கிராமப்புறங்களுக்கு ஆள் வேண்டும், தனி விசா வேண்டும் என்று 2022-ல் திட்டம் கொடுத்துப் பார்த்தது. கையெழுத்து லண்டனிடம்தான் இருக்கு. லெடன்ஹால் தெருவுக்குப் பதில் உள்துறை அலுவலகம்.

2024-ல் வந்த மாற்றங்களை வரிசையாகப் போட்டால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில தவிர மற்ற மாணவர்கள் புதிதாகத் துணையையோ பிள்ளையையோ கூட்டிப்போக முடியாது. மார்ச் 11 முதல், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போனவர்களுக்கும் அதேதான். ஏப்ரல் 11 முதல், அங்கேயே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர் வெளிநாட்டுத் துணையை அழைக்க வருஷ வருமானம் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. நண்பர்கள் சுற்றுலா விசாவில் வரலாம், வழக்கமாக ஆறு மாதம் வரை. ஆக நண்பன் வந்து ரெண்டு வாரம் ரூமில் தங்கிவிட்டுப் போகலாம். அடுத்த ஊரின் கிழவிக்குக் கஞ்சி ஊட்டப் போன பெண்ணின் சொந்தப் பிள்ளை கூட இருக்க முடியாது.

1791 உத்தரவோடு இதை ஒன்றாகவே வைக்க முடியாது. அது இரத்தத்தைப் பார்த்து வேலை மறுத்தது, இது வேலை வகையையும் வருமானத்தையும் பார்த்துக் குடும்பத்தை மறுக்கிறது. கம்பெனி ஆட்கள் ஆள வந்தவர்கள், நம்ம பிள்ளைகள் கூலிக்குப் போகிறவர்கள். அந்த வித்தியாசம் மலை அளவு. ஆனால் ரெண்டிலும் பொதுவாக ஒரு நினைப்பு இருக்கு: வேலைக்கு வருகிற ஆள் வேணும், அவனோடு வருகிற வாழ்க்கை வேண்டாம்.

மன்றோ மாதிரி இருபத்தெட்டு வருஷம் யாரும் இப்போது காத்திருப்பதில்லை. வீடியோ காலில் தினமும் முகம் பார்க்கலாம். ஆனாலும் கிளாஸ்கோவுக்கு முதல்முறை நண்பர்கள் வந்திறங்கி, குக்கரில் சோறு வைத்து, புளி கரைத்து ரசம் கொதிக்கிற அந்த வாரத்தில்தான், போன பிள்ளை அதை "என் வீடு" என்று சொல்ல ஆரம்பிக்கிறான். அதுவரைக்கும் அது "ரூம்". துணை வந்து சேர்ந்தால் அது குடித்தனம். தர்மபுரித் தோட்டம் மன்றோவுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த ரெண்டாவது படி அங்கே வாய்க்கவில்லை. இத்தனைக்கும் அந்த நாட்டையே அளந்து வரி போட்டவர்.

பிரெட் கோட்டையைப் பற்றி ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓசூர்ப் பழைய குடும்பங்களில் யாரிடமாவது அந்தக் கட்டடம் முழுசாக நின்ற காலத்துப் போட்டோவோ, அங்கே வேலை பார்த்த தோட்டக்காரர், சமையல்காரர், ஆயா இவர்களின் வழியில் வந்த பேச்சோ இருந்தால் எழுதி வையுங்கள். கோட்டைக்குள் தங்கியவர்களைப் பற்றி ஏற்கெனவே போதுமான கதை இருக்கு. அங்கே அடுப்பு மூட்டியவர்களைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை.